பிழை கூடிய வார்டு

நல்ல குழு குறைவாகத் தவறு செய்யும். 1990களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மன்ட்சனும் அப்படித்தான் எதிர்பார்த்தார். அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து மாறிப்போவது, அளவு கூடிப்போவது போன்ற பிழைகளைக் கணக்கெடுத்த ஆய்வில் அவரும் சேர்ந்தார். இரண்டு மருத்துவமனைகள், எட்டு வார்டுகள். ஒருபுறம் பிழைக் கணக்கு மாதக்கணக்கில் சேர்ந்தது. மறுபுறம் எட்மன்ட்சன் செவிலியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்: உங்களுக்குள் ஒத்துழைப்பு எப்படி, தலைமைச் செவிலியர் எப்படி?

இரண்டையும் பொருத்திப் பார்த்தால் விடை தலைகீழாக வந்தது. நல்ல தலைமையோடு ஒற்றுமையாக இயங்கிய வார்டுகளில்தான் பிழை அதிகம்!

கணக்கில் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் வேறு மாதிரி யோசித்தார்: அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்கவில்லை என்றால்? பிழைக் கணக்கும் தெரியாத, கேள்வித்தாளின் முடிவும் தெரியாத உதவியாளர் ஒருவரை வார்டுகளுக்கு அனுப்பினார். அந்த உதவியாளர் கூடவே இருந்து கவனித்தார், பேட்டி எடுத்தார், எங்கே மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று வார்டுகளை வரிசைப்படுத்தினார். அந்த வரிசை பிழை எண்ணிக்கையின் வரிசையோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பதிவேட்டில் இருந்த எண், தவறோடு சேர்த்துப் பயத்தையும் அளந்திருக்கிறது. தவறைச் சொன்னால் தண்டனை என்று அஞ்சிய வார்டின் பதிவேடுதான் சுத்தமாக இருந்தது. அந்த எண்ணை மட்டும் வைத்துச் சம்பள உயர்வு கொடுத்தால், மறைப்பவருக்கே பரிசு போய்ச் சேரும்.

இந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. மனம்விட்டுப் பேசிய வார்டுகளில் இருந்ததைப் போல, கேள்வி கேட்டால் கேலி செய்ய மாட்டார்கள், ஒப்புக்கொண்டால் அவமானப்படுத்த மாட்டார்கள் என்று குழுவினர் பொதுவாக நம்புவதை ‘உளவியல் பாதுகாப்பு’ என்கிறார்கள். 1999இல் வெளிவந்த ஆய்வில் எட்மன்ட்சன் இதையே ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களில் ஆராய்ந்தார். 2012இல் தொடங்கிய ஆய்வில் கூகுள் தன் 180 குழுக்களை அலசியது; குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதே முக்கியமாகத் தெரிந்தது. நல்ல குழுவை உருவாக்கும் காரணிகளின் பட்டியலில் முதலில் நின்றது உளவியல் பாதுகாப்பு.

இதைத் தாராள மன்னிப்பு என்று புரிந்துகொண்டால் விஷயம் கெட்டுவிடும். 51 குழுக்களின் ஆய்வில், நம்பிக்கை தானாகவே வேலையை உயர்த்திவிடவில்லை. நம்பியவர்கள் உதவி கேட்டார்கள், தவறை விவாதித்தார்கள், குறை சொல்லும்படி பிறரிடம் கேட்டார்கள். வேலையின் தரம் உயர்ந்தது அந்தப் பழக்கங்களின் வழியாகத்தான்.