சொந்தத்தில் சம்பந்தமா? இந்தக் கணக்கையும் பாருங்கள்!

பெண்ணுக்குக் கல்யாண வயது வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "முறைப் பையன் கண் எதிரிலேயே இருக்கான். வெளியிலே எதுக்குத் தேடணும்?" என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெரிந்த குடும்பம், பெண் கண்காணாத இடத்துக்குப் போக வேண்டாம், சொத்தும் வெளியே போகாது. 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று சொல்லிவிட்டு, வழக்கம் உள்ளவர்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் சட்டம் விட்டாலும் உடம்பு விடாத ஒரு கணக்கு உண்டு. பயப்படாதீர்கள் சகோதரிகளே, அரை, கால், அரைக்கால் தெரிந்தால் போதும்!

23 ஜோடி வளையல்

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய நூல் போல 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. (1956-ல் சரியாக எண்ணிப் பார்க்கும் வரை விஞ்ஞானிகளே 48 என்றுதான் நினைத்திருந்தார்கள்!) இவை 23 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. 'தாயைப் போல பிள்ளை' என்கிறோம். தகப்பனுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

அரிவாள்மணையில் விரல் அறுபட்டால் சில நாளில் புதுத் தோல் வளர்கிறதல்லவா? அப்போது செல், 46-க்கும் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பிறகு இரண்டாகப் பிரிகிறது. இரண்டு புதுச் செல்லிலும் 46 இருக்கும்.

கருமுட்டையும் விந்தணுவும் உண்டாவது வேறு மாதிரி. உங்களிடம் 23 ஜோடி வளையல் இருக்கிறது. ஜோடிக்கு ஒன்று எடுத்து மகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அப்படி 23 மட்டுமே போகும். எந்த ஜோடியில் எது போகும் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் ஒரு வயிற்றில் பிறந்தவர்களே ஒருவர் போல ஒருவர் இருப்பதில்லை.

ஒளிந்திருக்கும் பழுது

இந்த நூல்களில்தான் ஜீன்கள் வரிசையாக இருக்கின்றன. குரோமோசோம் ஜோடியாக இருப்பதால் ஜீனும் அநேகமாக இரண்டு இரண்டாகவே இருக்கும். ஒன்று பழுதானாலும் பல சமயம் மற்றது சமாளித்துவிடும். இரண்டு அடுப்பில் ஒன்று எரியாவிட்டாலும் சமையல் நடக்கவில்லையா, அது போல! நம் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சில பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. நமக்கே தெரியாது.

தாய், தகப்பன் இருவருக்கும் ஒரே ஜீனில் பழுது இருந்தால்தான் சிக்கல். இருவரும் பழுதானதையே கொடுத்துவிட்டால் குழந்தைக்கு இரண்டு அடுப்பும் எரியாது. அதற்கு வாய்ப்பு நாலில் ஒன்று. "ஒண்ணுக்கு வந்துடுச்சு, அடுத்த மூணும் நல்லா பிறக்கும்" என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் அதே நாலில் ஒன்றுதான்.

அந்நியர் இருவருக்கு ஒரே பழுது அமைவது அபூர்வம். உறவில் அப்படி இல்லை. கூடப் பிறந்தவர்களுக்குள் ஜீன்களில் பாதி பொது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் கால் பங்கு. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் அரைக்கால். கோத்திரம் வேறுதானே என்கிறீர்களா? ஜீனுக்குக் கோத்திரம் தெரியாதே!

எங்கள் தெருவில் ஒரு பெண்ணைத் தாய்மாமனுக்கே கொடுத்திருந்தார்கள். இரண்டு குழந்தைகளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. "கிரகணத்தப்போ வெளியிலே வந்தே, அதான்!" என்று மாமியார் இடித்துக்கொண்டே இருப்பார். அந்த மாமியார் யார்? அவளைப் பெற்றவளைப் பெற்ற பாட்டியேதான்! இந்த மாதிரிக் குறை, பாட்டியிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ மகள் வழியாகவும் மகன் வழியாகவும் இறங்கி, பேரப்பிள்ளையிடம் ஒன்று சேர்ந்திருக்கலாம். அதற்காகப் பாட்டியைப் பழிக்கவும் வேண்டாம். யாரும் தெரிந்து கொடுப்பதல்ல.

என்ன செய்யலாம்?

உள்ளதைச் சொல்ல வேண்டும். சாதாரணமாகவே நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் கோளாறு இருக்கும். அத்தை-மாமன் மக்கள் மணந்தால் அதோடு இன்னும் இரண்டு மூன்று கூடலாம். தாய்மாமன் என்றால் அதற்கும் மேல். ஆக, பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. "எங்க வீட்டிலே எல்லோரும் நல்லாத்தானே இருக்கோம்" என்பதும் அதனால்தான்.

* ஜாதகம் பார்க்கும் முன், இரண்டு பக்கமும் மூன்று தலைமுறையை எழுதிப் பாருங்கள். காது கேளாமை, மாலைக்கண், காரணம் தெரியாத சிசு மரணம் திரும்பத் திரும்ப வந்திருந்தால், மரபணு ஆலோசனை கூறும் டாக்டரைக் கல்யாணத்துக்கு முன்பே பாருங்கள்.

* தலசீமியா என்ற ரத்த நோய் கடுமையாக வந்த குழந்தைக்கு மாதா மாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அந்தப் பழுது ஒளிந்திருக்கிறதா என்று இருவருக்கும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

* 'ரத்த குரூப் வேறு, அதனால் பயமில்லை' என்பது தவறு. குரூப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

* ஏற்கெனவே சொந்தத்தில் மணந்தவர்கள் கலங்க வேண்டாம். கர்ப்பமானதும் முதல் தடவையே டாக்டரிடம் உறவைச் சொல்லுங்கள். குழந்தை பிறந்ததும் காதுப் பரிசோதனை செய்யுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால், கருவி பொருத்திப் பயிற்சி கொடுத்துப் பேசவும் வைக்கலாம்.

உறவு விட்டுப் போகக்கூடாது என்றுதானே சொந்தத்தில் முடிக்கிறோம்? சம்பந்தம் செய்யாமலும் உறவாக இருக்கலாம். நாளைக்குப் பிறக்கப்போகும் குழந்தையையும் அந்தப் பேச்சில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.