உப்புக்காற்றில் ஒரு ஹார்ட் டிஸ்க்

நம் மணப்பாட்டு மணல்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் எழுந்தது 1581-இல். அதற்கு முன்பே, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையெங்கும் நடந்தவர். 1544-இல் இங்கிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் தோழர் மான்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய கடிதத்தை அந்தக் காலத்தில் ஒரே கப்பலை நம்பி அனுப்பமாட்டார்கள். இரண்டு மூன்று பிரதி எழுதி வெவ்வேறு கப்பல்களில் ஏற்றுவார்கள். ஒன்று மூழ்கினாலும் மற்றொன்று லிஸ்பன் போய்ச் சேரும்.

நம் வீடுகளிலும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த கடிதம், நிலப் பத்திரம், கலியாணப் படம் எல்லாம் தகரப்பெட்டிக்குள் இருக்கும். ஞானஸ்நானமும் திருமணமும் இறப்பும் கோயில் பதிவேட்டில் தனியே ஏறியிருக்கும். பெட்டிக்குள் இருந்ததைக் கரையான் அரித்தாலும் பாட்டியின் பெயரும் தேதியும் கோயிலில் பத்திரமாக இருந்தன. பிறகு வீடியோ கேசட் வந்தது, ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடித்தது. சிடி வந்தது, சில ஆண்டுகளில் பலவும் ஓடாமல் போயின. இன்று ஒரு திருவிழாவுக்கே ஆயிரம் படம் எடுக்கிறோம். அவை இருப்பது ஒரே ஒரு போனில். இந்த ஒரு விஷயத்தில் நாம் தாத்தா காலத்தைவிடப் பின்தங்கிவிட்டோம்.

அதனால்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, வீட்டுக்கென்று ஒரு சர்வர் வைத்துக்கொள்வதை நான் வலியுறுத்துகிறேன். 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 5 மெகாபைட்கூட இல்லை. இன்று உள்ளங்கையளவு டிஸ்க் 4 டெராபைட் கொள்கிறது. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் படங்களுக்கு அது தாராளம்.

புது டிஸ்க் வந்த அன்றே படங்களை அதில் கொட்டிவிடாதீர்கள். முதலில் அதைச் சோதிக்கவேண்டும். லேபிளில் உள்ள சீரியல் எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் மாறினால், பின்னால் வரும் எழுதும் சோதனையில் பழைய டிஸ்க் துடைக்கப்பட்டுவிடும். பிறகு, டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் நீண்ட சோதனை. அது முடிந்ததும் பேட்பிளாக்ஸ் என்ற நிரல் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். 4 டெராபைட்டுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மின்சாரம் போய்வரும் ஊர் என்பதால் யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கவேண்டாம். கடைசியில் ஸ்மார்ட் அறிக்கையில் மாற்றப்பட்ட செக்டர் எத்தனை, மாற்றக் காத்திருக்கும் செக்டர் எத்தனை என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டிலும் பூஜ்யம் இருக்கவேண்டும். இல்லையென்றால் கூச்சப்படாமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

மற்றதெல்லாம் ஒரு மணி நேர வேலை. பழைய எம்பிஆர் முறை 2 டெராபைட்டைச் சற்றுத் தாண்டினதும் நின்றுவிடும் என்பதால் ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் போட்டு, எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். அது நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தை ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கென்று ஒதுக்கிவிடும். படம் வைக்கும் டிஸ்க்குக்கு அது தேவையில்லை, குறைத்துக்கொள்ளலாம். இன்று எஸ்டிபி என்று காட்டும் டிஸ்க் அடுத்த முறை எஸ்டிசி ஆகலாம். ஆகவே எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பெயருக்குப் பதிலாக, மாறாத யூயூஐடி எண்ணைக் கொடுத்து, பக்கத்தில் நோஃபெயில் என்றும் சேருங்கள். டிஸ்க் செத்துப்போனாலும் சர்வர் எழுந்து நிற்கும்.

இனி, கடற்கரைக்கென்று உள்ள சங்கதி. டிஸ்க்கின் மேல்மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். அதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். உள்ளே வடிகட்டி இருந்தாலும் வெளிக்காற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. ஹீலியம் அடைத்த டிஸ்க்குகளில் இந்தத் துளை கிடையாது. ஆனால் உப்புக்காற்று முதலில் பிடிப்பது கேபிள் சொருகும் முனைகளையும் அடியில் உள்ள சர்க்யூட் போர்டையும்தான். ஜன்னலோரம் சர்வரை வைக்காதீர்கள். வேலையில்லாத டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள்.

ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாக ஏறும்படி இரண்டு டிஸ்க்கை ரெய்டில் ஜோடி சேர்த்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. கைதவறி அழித்த படம் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்து எதை எதையெல்லாம் கொண்டுபோனது என்று நாகப்பட்டினத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். மூன்றாவது பிரதி கடலைவிட்டுத் தள்ளி இருக்கவேண்டும்.

அதற்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாளுக்கு மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள். புதுப் பிரதி எடுத்த டிஸ்க்கை மதுரை அக்காவிடம் கொடுத்தனுப்புங்கள். போன வருஷம் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வருஷமே தொடங்கிவிடுங்கள்.