50 வருஷத்துக்கு முந்தைய கச்சேரி, புது ரெக்கார்டில்: வாங்கலாமா?

1972 ஆகஸ்ட் 15, 16, 17. ஒசாகாவில் இரண்டு இரவு, டோக்கியோவில் ஓர் இரவு. பிரிட்டனின் டீப் பர்ப்பிள் ராக் குழு மேடையில் வாசித்ததைப் பதிவு செய்து வெளியிட்டதுதான் ‘மேட் இன் ஜப்பான்’. ஜப்பானில் மட்டும் விற்கத்தான் முதலில் திட்டம். பிறகு உலகம் முழுக்க ஓடியது. 2 தட்டு, 7 பாட்டு. நாலாவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு, கிட்டத்தட்ட 20 நிமிஷம்!

2025-ல் இதை ஸ்டீவன் வில்சன் ரீமிக்ஸ் செய்ய, வினைல் ரசிகர்கள் மறுபடி பர்ஸைத் திறந்தார்கள்.

இங்கேதான் கவனம் வேணும். ‘ரீமாஸ்டர்’ என்றால் முடிந்த பதிவுக்கு மெருகு போடுவது. ரீமிக்ஸ் அப்படி இல்லை. அன்றைக்கு 8 டிராக் டேப்பில் குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் பிரித்துப் பதிவாகியிருந்தன. அந்த டேப்பிலிருந்து, எது எவ்வளவு சத்தமா கேட்கணும்னு புதுசா முடிவு செய்கிறார்கள். கச்சேரி அதேதான், காதில் விழுவது வேறு. பழைய சத்தமே வேணும்னா, காசு கட்டும் முன் அட்டையில் ‘ரீமிக்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்க.

‘180 கிராம்’ ஸ்டிக்கருக்கு மயங்க வேண்டாம். அது தட்டின் எடை, ஒலியின் தரம் இல்லை.

இன்னொரு எதிரி வெயில். சித்திரை மாசம் குஜிலியம்பாறைக்கு வரும் பார்சல் மதியம் முழுக்க வண்டிக்குள் கிடந்தால் தட்டு வளையலாம். விலை உயர்ந்த ‘லிமிடெட் எடிஷன்’ என்றால் மார்கழியில் ஆர்டர் போடுங்க. வந்ததும் நிமிர்த்தி வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க.