இடம்பெயர்ந்த சேமக்காலை

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கோட்டைகளிலும் கோவில்களிலும் தேடுவோர் பலர். சேமக்காலைகளில் தேடுவோர் சிலரே. சென்னை மாநகரின் யூதர் சேமக்காலை அவ்வாறு தேடி அறியத்தக்க வரலாறு உடையது.

பதினேழாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த யூத வணிகருட் பலர் போர்த்துக்கல் நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மதவிசாரணை மன்றத்தின் கொடுமைக்கு அஞ்சி அந்நாட்டை விட்டகன்ற யூதர், ஆம்ஸ்டர்டாம், லண்டன், லிவோர்னோ முதலிய துறைமுக நகரங்களிற் குடியேறினர். மத்தியதரைக் கடற் பவளமும் வெள்ளியும் ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு வந்தன. கோல்கொண்டா வைரங்கள் சென்னையிலிருந்து லண்டனுக்குச் சென்றன. பவளக்காரத் தெரு என்னும் பெயர் அவ்வணிகத்தை இன்றும் நினைவூட்டுகின்றது.

இவ்வணிகருள் முதன்மையானவர் ஜாக் தே பைவா. பெத்தநாயக்கன்பேட்டையில், பின்னாளிற் தங்கசாலைத் தெரு எனப் பெயர்பெற்ற பகுதியில், தம்மவருக்கென ஒரு சேமக்காலையை அவர் அமைத்தார். 1687ஆம் ஆண்டில் அவரே அதில் அடக்கஞ் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு சென்னை மாநகராட்சி தோன்றியபோது அதன் 12 ஆல்டர்மன்களுள் மூவர் யூத வணிகராயிருந்தனர். அச்சிறு கூட்டத்தாருக்கு நகரிலிருந்த மதிப்பை இதனால் அறியலாம்.

ஆனால் அந்நிலை நீடிக்கவில்லை. 1720களிற் பிரேசில் நாட்டில் வைரம் கண்டெடுக்கப்பட்டது. கோல்கொண்டாவின் தனிச்சிறப்புக் குன்றியது. வணிகம் தளரவே வணிகரும் படிப்படியாகச் சென்னையை விட்டகன்றனர். உயிரோடிருந்தவர்கள் கப்பலேறினர், மண்ணில் உறங்கியவர்கள் மட்டும் எஞ்சினர்.

யூத சமயத்தவர் சேமக்காலையை எபிரேய மொழியிற் ‘பேத் ஹயீம்’ என்பர்; ‘வாழ்வோர் இல்லம்’ என்பது அதன் பொருள். ஒருமுறை புதைத்த உடலைத் தக்க காரணமின்றிப் பெயர்த்தெடுத்தல் அவர்களுக்கு விலக்கப்பட்டதாகும். கல்லறையைக் காண வருவோர் மலருக்குப் பதிலாகச் சிறு கல்லொன்றை வைத்துச் செல்வது அவர்தம் வழக்கம். கல் வாடுவதில்லை என்று அதற்குக் காரணங் கூறுவர்.

அத்தகைய மக்களின் கல்லறைகளே சென்னையில் இடம்பெயர்ந்தன. நகரம் வளர்ந்தது, நிலத்தின் தேவை பெருகியது. இருபதாம் நூற்றாண்டிற் பழைய சேமக்காலை மறைந்தது. கல்லறைக் கற்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றப்பட்டு, இறுதியில் லாயிட்ஸ் சாலையை அடைந்தன. ஔவை சண்முகம் சாலை என்று இன்று வழங்கும் அச்சாலையிலே அவை உள்ளன.

மறுப்புக் கூற அவர்களின் சந்ததியார் அருகில் இல்லை. இலங்கையின் கரையோர நகரங்களிலும் ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைகள் பல, உரியவர் எவருமின்றி இருக்கின்றன. உறவினர் அகன்றபின் இறந்தோருக்குக் காவலாய் நிற்பது அவ்வூராரின் நல்லெண்ணம் ஒன்றே. அக்கற்களிலுள்ள எழுத்தைப் படிக்க அறியாதவரும் அவற்றைப் பேணலாம். அதற்கு மனிதப் பண்பு ஒன்றே போதும்.