ஒரு பக்கம் கார்ல்சன்... மறுபக்கம் 1,43,000 பேர்! ஊரே ஓட்டுப் போட்டு ஆடும் செஸ்

டீக்கடை பெஞ்சில் ரெண்டு பேர் செஸ் போர்டை விரித்தால் போதும், அஞ்சாவது நிமிஷம் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். ‘குதிரைய எடுண்ணா...’, ‘ஐயோ, அத தொடாத மச்சான்!’ என்று ஆளுக்கொரு யோசனை. ஆடுபவர் கடுப்பாகி, ‘அப்ப நீயே வந்து ஆடு’ என்பார். அரூராக இருந்தாலும் அண்ணா நகராக இருந்தாலும் இதுதான் கதை.

அந்தப் பத்துப் பேரை விரட்டாமல், அவர்களையே ஆட்டக்காரர் ஆக்கினால்? பின்னால் நிற்பவர்கள் ஓட்டுப் போடட்டும், அதிக ஓட்டு வாங்கிய நகர்த்தல்தான் போர்டில் நடக்கும். ‘ஓட்டு செஸ்’ என்பது இவ்வளவுதான்.

ஒருவர் ஒரு பக்கம், கூட்டம் மறுபக்கம் என்பது நமக்குப் புதுசு இல்லை. ஆடு புலி ஆட்டத்தில் மூணு புலிகளை மடக்க ஒரு மந்தை ஆடுகள் சேர்ந்துதானே நிற்கின்றன! ஆனால், அந்த ஆடுகளை நகர்த்துவது ஒரே ஆள். ஒவ்வொரு ஆடும் தனித்தனியாக யோசித்தால் என்ன ஆகும் என்பதுதான் சுவாரஸ்யம்.

அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த ஆண்டு 1999. அப்போது உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ். எதிரே இன்டர்நெட் வழியாக 75-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 50,000-க்கும் அதிகமானவர்கள். நடத்தியது மைக்ரோசாஃப்ட். ஒரு நகர்த்தலுக்கு 24 மணி நேரம். கூட்டத்துக்கு யோசனை சொல்ல இளம் செஸ் வீரர்கள் நான்கு பேரை நியமித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் இரினா கிரஷ். வயது 15!

ஜூன் 21-ம் தேதி ஆட்டம் தொடங்கியபோது, கூட்டம் சீக்கிரமே சுருண்டுவிடும் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால், 10-வது நகர்த்தலில் இரினா சொன்ன ஒரு புது யோசனை ஆட்டத்தையே மாற்றியது. கூட்டம் அதற்கு ஓட்டுப் போட, காஸ்பரோவ் நிஜமாகவே திணற ஆரம்பித்தார். வேறு எந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று அவரே பிறகு சொன்னார்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். 50,000 சாதாரண மூளைகளைக் கூட்டினால் ஒரு மேதை கிடைத்துவிடாது. ஓட்டு எண்ணிக்கை அந்த வேலையைச் செய்யவில்லை. ஓட்டுக்கு முன்னால் நடந்த பேச்சுதான் செய்தது. இரினாவும் மற்றவர்களும் நாள் கணக்கில் உட்கார்ந்து, ‘இப்படிப் போனால் அவர் அப்படி வருவார்’ என்று அலசினார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் மற்றவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

பேச்சு அறுந்த இடத்தில் என்ன ஆனது என்பதற்கும் அதே ஆட்டம்தான் சாட்சி. 51-வது நகர்த்தலிலேயே கள்ள ஓட்டுப் புகார் கிளம்பிவிட்டது. 58-வது நகர்த்தலில் இரினாவின் யோசனை வாக்காளர்களுக்கு நேரத்துக்குப் போய்ச்சேரவில்லை. கூட்டம் வேறொரு மோசமான நகர்த்தலைத் தேர்ந்தெடுத்தது. வெறுத்துப்போனவர்கள் அடுத்த நகர்த்தலுக்கு, ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கும்படி ஓட்டுகளைக் குவிக்க, அதை மைக்ரோசாஃப்ட் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. செஸ் போர்டில் எலெக்‌ஷன் கலாட்டா!

2024-ல் நம்ம விஸ்வநாதன் ஆனந்தும் செஸ்.காம் தளத்தில் இப்படி ஆடினார். எதிரே கிட்டத்தட்ட 70,000 பேர். ஆனந்த்தான் ஜெயித்தார். ஆனால், 2025 ஏப்ரல் 4-ல் மேக்னஸ் கார்ல்சன் உட்கார்ந்தபோது கதை மாறியது. பின்வரிசைக் காய்களைக் கலைத்து அடுக்கும் ‘ஃப்ரீஸ்டைல்’ ஆட்டம் அது. 960 விதமாக அடுக்கலாம் என்பதால் மனப்பாடம் எடுபடாது. கார்ல்சன் சுலபமாக ஜெயிப்பார் என்பதுதான் கணிப்பு. எதிரே இருந்த 1,43,000 பேர் பெரிய சாகசம் எதுவும் செய்யாமல் நிதானமாக ஆடினார்கள். மே 19-ல், 32-வது நகர்த்தலில், அதே நிலையை மூணாவது முறையாகக் கொண்டுவந்து டிரா செய்துவிட்டார்கள்!

சரி, இதை அரூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆட முடியுமா? தாராளமாக. ஒரு போர்டு, செஸ் தெரிந்த ஒரு டீச்சர், எதிரே 40 பிள்ளைகள். ஆனால், விதிகளை யோசித்துத்தான் வைக்கணும்.

முதல் சிக்கல், ஓட்டு பிரிவது. ஒரு நல்ல நகர்த்தலுக்கு 12 ஓட்டு, இன்னொரு நல்ல நகர்த்தலுக்கு 11, ஒரு சொதப்பல் நகர்த்தலுக்கு 17 என்று வைத்துக்கொள்வோம். 23 பேர் சரியாக யோசித்தும் ஜெயிப்பது சொதப்பல்தான். (தொகுதிக்குள் ஓட்டு பிரிகிற கணக்கை டீக்கடையில் போடுபவர்களுக்கு இது நல்லாவே புரியும்.) தீர்வு, இரண்டாவது சுற்று. முதல் ரெண்டு இடம் பிடித்ததை மட்டும் வைத்து மறுபடி ஓட்டு. அந்த 11 பேரும் இந்தப் பக்கம் வந்தால் 23-க்கு 17.

அடுத்து, கை தூக்கச் சொல்லக் கூடாது. ஃபர்ஸ்ட் ரேங்க் மாணவி கை தூக்கினால் பாதி வகுப்பும் தூக்கிவிடும். பிறகு எதற்கு 40 பேர்? ரெண்டு நிமிஷம் சத்தமாகப் பேசட்டும், சண்டைகூடப் போடட்டும். ஓட்டு மட்டும் துண்டுச்சீட்டில், ரகசியமாக.

இப்போதுதான் காய் நகர்த்தப் பழகும் பிள்ளைகள் என்றால், முதலில் எந்தக் காய் என்று ஒரு ஓட்டு, பிறகு எந்தக் கட்டம் என்று ஒரு ஓட்டு எனப் பிரிக்கலாம். ‘ஹேண்ட் அண்ட் பிரெய்ன்’ என்று இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. ஒருவர் காயின் பெயரை மட்டும் சொல்ல, மற்றவர் அதை நகர்த்துவார். அதன் கூட்டு வடிவம் இது. என்ன, குதிரை ஜெயித்த பிறகு, அதற்குப் போக நல்ல கட்டமே இல்லை என்று தெரியவரும். அப்போது கிளம்பும் சிரிப்புக்காகவே ஆடலாம்.

செல்போனுக்குத் தடை. இதில் சமரசமே கூடாது. இன்றைக்கு செல்லில் இருக்கும் செஸ் புரோகிராமே உலக சாம்பியனைத் தோற்கடிக்கும். நாலு பேர் அதைப் பார்த்துச் சொன்னால், ஆடுவது கூட்டம் இல்லை, செல்தான். 24 மணி நேரத்துக்குப் பதிலாக ரெண்டே நிமிஷம் என்று வைப்பதற்கும் இதுவே காரணம்.

கடைசியாக ஒரு விதி மிச்சம் இருக்கிறது. தோல்வியை யார் ஒப்புக்கொள்வது? அதற்கும் ஓட்டுதான். 1999 அக்டோபர் 22-ம் தேதி, காஸ்பரோவின் 62-வது நகர்த்தலுக்குப் பிறகு கூட்டம் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. ஆதரவாக விழுந்த ஓட்டு 51 சதவிகிதம். மிச்சம் பேர் அப்போதும் விடுவதாக இல்லை!