மருத்துவமனை அலமாரி தோல் பட்டறையில்

வேலூர் மருத்துவமனைகளுக்குப் பெயர் பெற்றது. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழில். ஆகவே மருத்துவமனை கழித்துவிட்ட இரும்புச் சாமான்கள் பழைய சாமான் கடை வழியாகத் தோல் பட்டறைக்கு வந்து சேர்ந்தால் வியப்படைய வேண்டியதில்லை. எங்கள் கைத்தொழில் அறையிலும் கட்டிலருகே வைக்கும் சிறு அலமாரி, கருவித் தள்ளுவண்டி, சலைன் பாட்டில் தொங்கவிடும் கம்பம் ஆகிய மூன்றும் உள்ளன. கம்பத்தில் இப்போது தோல் வார்கள் தொங்குகின்றன.

வாங்கும்போது மெத்தை உள்ள சாமானைத் தவிர்ப்பது நல்லது. இரத்தம் பட்ட மெத்தை, 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி தனியே அழிக்க வேண்டிய கழிவு. விற்பனைச் சரக்கு அன்று. இரும்பு என்றால் சோப்பு நீரில் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் மீண்டும் துடைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். கடைசித் துடைப்பை விட்டுவிட்டால் குளோரின் இரும்பை அரித்துத் துருப்பிடிக்க வைக்கும்.

துரு தோலுக்குப் பகை. மரப்பட்டையால் பதனிட்ட தோலில் டானின் உண்டு. (முன்பு இதற்கு ஆவாரம்பட்டையே பெரிதும் பயன்பட்டது.) டானினும் இரும்பும் ஈரத்தில் கூடினால் கருநிறம் பிறக்கும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வித்தைதான்! காகிதத்தில் அழகாயிருந்த அந்தக் கறுப்பு, வெளிர்நிறத் தோலில் விழுந்தால் எளிதில் போகாது. ஆகையால் பெயிண்ட் உரிந்த தட்டின்மீது மரப்பலகை பொருத்திவிட்டோம். எவர்சில்வர் தட்டானால் கவலை குறைவு. குரோம் தோலுக்கு இந்தக் கறை பயம் சற்றுக் குறைவுதான். ஆனால் ஐப்பசி மழையில் பூஞ்சை எந்தத் தோலையும் விடாது. காற்றோட்டத்திற்காக அலமாரியின் பின்புறம் துளைகள் போட்டிருக்கிறோம். தோலை மடிக்காமல் சுருட்டி வைக்கிறோம்.

ஆணிகளுக்கு மூடியுள்ள தனி டப்பா, தள்ளுவண்டியின் அடித்தட்டில். இதற்குக் காரணம் உண்டு. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை, பாதம் மரத்துப்போனவர்களுக்கு மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகளைச் செய்து தந்தது. அத்தகைய செருப்பில் ஆணி கூடாது. குத்தினாலும் அணிந்தவருக்கு வலி தெரியாது, நடந்துகொண்டே இருப்பார், புண் ஆழமாகிவிடும். மேசையில் உருண்டு கிடக்கும் ஓர் ஆணி, நம்மை அறியாமலே அடித்தோலில் பதிந்துவிட எவ்வளவு நேரமாகும்?

அறுவைக் கூடத்தில் கருவிகளை எண்ணி வைக்கும் வழக்கத்தையும் தள்ளுவண்டியோடு சேர்த்தே எடுத்துக்கொண்டோம். மாலையில் ஊசிகளும் குத்தூசிகளும் எண்ணிக்கை சரியான பின்பே அறையைப் பூட்டுகிறோம்.