ரோபோவுக்கும் விரல் மரத்துப் போகும்!

ஃப்ரீஸரில் இருக்கும் ஐஸ் டிரேயை வெறுங்கையால ரெண்டு நிமிஷம் பிடிச்சுப் பாருங்க. முதல்ல ஜில்... அப்புறம் சுரீர்... கடைசியில விரல் இருக்கா, இல்லையான்னே தெரியாது. இதே அவஸ்தை ரோபோவுக்கும் உண்டுன்னா நம்புவீங்களா?

பார்க்க கேமரா, கேட்க மைக் என ரோபோவுக்கு எப்பவோ கிடைச்சாச்சு. ஆனால், முட்டையை உடையாமல் எடுக்கணும், நழுவும் டம்ளரைச் சட்டுன்னு இறுக்கிப் பிடிக்கணும் என்றால் தொடு உணர்வு வேண்டுமே! அதற்குத்தான் எலெக்ட்ரானிக் தோல்.

இந்தத் தோல் செய்யப் பயன்படும் பொருட்களில் ஒன்று ஹைட்ரோஜெல். பாலிமர் வலைக்குள் தண்ணீரைப் பூட்டி வைத்தால் அதுதான் ஹைட்ரோஜெல். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ்கூட இந்தக் குடும்பம்தான். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால், நம் உடம்பில் நடப்பது போலவே அயனிகள் மூலம் மின்சாரம் பாயும்.

2014-ல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் இப்படி ஒரு 'அயனித் தோலை' உருவாக்கினார்கள். ரெண்டு ஜெல் அடுக்கு, நடுவில் மின்சாரம் கடத்தாத, இழுபடும் படலம். அழுத்தினால் படலம் மெலியும்; மின்தேக்குத் திறன் எகிறும். யாரோ தொடறாங்கன்னு ரோபோ புரிந்துகொள்ளும். சிம்பிள்!

ஆனால், வில்லனும் அதே தண்ணீர்தான். குளிர் கடுமையானால் ஜெல் உறைந்து விறைக்கும், விரிசல் விடும். அயனிகள் நகர முடியாது. துருவப் பகுதி, மைனஸ் 20 டிகிரி குளிர்பதனக் கிடங்கு என மனுஷன் கை மரத்துப்போகிற இடத்துக்குத்தான் ரோபோவை அனுப்ப நினைக்கிறோம். அங்கே போய் அதன் கையும் மரத்துப்போனால்?

தீர்வு, குல்ஃபிக்காரர் ஐஸில் கொட்டுகிற சமாசாரம்தான்... உப்பு! உப்புத் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உறையாது. 2018-ல் இன்னொரு ஹார்வர்டு குழு, ஜெல்லைக் கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்தது. உறைநிலை மைனஸ் 57 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது!

எப்படி? ஐஸ் ஆக வேண்டுமென்றால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசைகட்ட வேண்டும். ஹாஸ்டல் மெஸ் க்யூவில் நிற்கிறவர்களை நாலு பேர் அரட்டைக்கு இழுத்தால் க்யூ உருப்படுமா? உப்பின் அயனிகள் செய்வது அதைத்தான். கிளிசரால் கலந்தாலும் இதே வேலை நடக்கும். ஜெல் சீக்கிரம் காய்ந்தும் போகாது.

அப்போ கதை முடிந்ததா? இல்லை பாஸ்! உறையாவிட்டாலும் குளிரில் அயனிகளின் வேகம் குறையும். கிளிசரால் கரைசலைக் கெட்டியாக்குவதால் இன்னும் மந்தம். மின்தடையை அளக்கும் சென்சாருக்கு இது பெரிய குழப்பம். சிக்னல் மாறியதற்குக் காரணம் அழுத்தமா, குளிரா? தப்பாகப் புரிந்துகொண்டால் முட்டை காலி! வெப்பநிலையையும் கூடவே அளந்து, கணக்கைச் சரிசெய்ய வேண்டும்.

ஆக, ஜெல்லுக்கு கெமிஸ்ட்ரி, சிக்னலுக்கு ஈ.சி.இ., விரலுக்கு மெக்கானிக்கல்... மூணு டிபார்ட்மென்ட்டும் ஒரே டேபிளில் உட்கார வேண்டிய வேலை இது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறவங்க, பக்கத்து டிபார்ட்மென்ட் கதவைக் கொஞ்சம் தட்டுங்களேன்!